கே. எஸ். கிருஷ்ணன்

கே. எஸ். கிருஷ்ணன் என்று பரவலாக அறியப்படும் சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன், 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல், படிகங்களின் காந்தப் பண்புகள், உலோகங்களின் மின்தடை, உயர் வெப்பநிலையில் உலோகங்கள் எலக்ட்ரான்களை உமிழும் முறை ஆகியவற்றில் இவர் செய்த ஆய்வுகள் திண்மப் பொருள்களைப் பற்றிய அறிவியலுக்கு முக்கியமான பங்களிப்புகள் ஆகும். இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் ச. வெ. இராமனின் உடன் ஆய்வாளராக இருந்தவர். புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றியவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் பழைய மாணவர்.

இன்று ஆய்வு மாணவர் ஒருவர் அரசின் உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு தேசிய ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்திற்கு உழைப்பது இயல்பான செய்தியாகும். கிருஷ்ணன் கல்லூரியை விட்டு வெளிவந்த காலத்தில் அத்தகைய ஏற்பாடு நாட்டில் இல்லை. அது இல்லாத காலத்தில் ஆய்வாளராக உருவாகி, அது உருவாகும் காலத்தில் அதன் பொறுப்பாளர்களுள் ஒருவராக விளங்கியது இவரது வாழ்க்கையின் சிறப்பு எனலாம்.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்புப் பகுதியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இப்பகுதி வேளாண்மையைத் தொழிலாகக் கொண்டது. இவரது தந்தையாரும் வேளாண்மை செய்து வந்தார். தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உடையவர். இவ்விரு மொழிகளின் இலக்கியங்களிலும் கிருஷ்ணனுக்கு இறுதிவரை இருந்த ஈடுபாடு வீட்டிலேயே தொடங்கியது.

வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வியை முடித்த பின்னர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். 1881ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, அக்காலத்தில் தென்மாவட்ட மாணவர்களுக்கு உயர்கல்வியின் வாயிலாக இருந்தது. பின்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் அதே கல்லூரியின் வேதியியல் துறையில் செய்முறை விளக்குநராகப் பணியில் சேர்ந்தார். மதிய உணவு இடைவேளையில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் மாணவர்கள் எழுப்பும் எந்த வினாவையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு உரையாடுவது இவரது வழக்கம். பாடத்திட்டத்திற்கு உட்படாத இவ்வுரையாடல்களைக் கேட்க வேறு கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர்.

கல்கத்தா

1920ஆம் ஆண்டில் கிருஷ்ணன் செய்முறை விளக்குநர் பணியை விட்டுக் கல்கத்தா சென்றார். இராமனிடம் ஆய்வு கற்பதே நோக்கம். நிலையான ஊதியம் உள்ள வேலையை விட்டு, பட்டமோ பதவியோ உறுதியில்லாத ஆய்வுப் பணிக்குச் செல்வது வேளாண் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு எளிய முடிவன்று. முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழக வகுப்புகளில் கலந்துகொண்ட இவர், 1923இல் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

இக்கழகம் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவரால் 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அரசு தொடங்கிய நிறுவனம் அன்று. பொதுமக்களிடமும் செல்வந்தர்களிடமும் திரட்டிய நன்கொடையால் நடந்தது. இராமன் வகித்த பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் தாரக்நாத் பாலித் என்னும் வழக்குரைஞர் அளித்த கொடையிலிருந்து ஏற்பட்டதே. அக்கால இந்தியாவில் அறிவியல் ஆய்வு பெரும்பாலும் இத்தகைய தனியார் கொடைகளையே சார்ந்திருந்தது. ஆய்வாளர்களின் எண்ணிக்கையும் அக்கொடைகளின் அளவுக்கு உட்பட்டே இருந்தது.

இராமன் விளைவு

திரவங்கள் ஒளியை எவ்வாறு சிதறச் செய்கின்றன என்பது இராமன் குழுவினரின் ஆய்வுப் பொருளாக இருந்தது. கிருஷ்ணன் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 திரவங்களின் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். சிதறிய ஒளியில், படும் ஒளியின் நிறத்திலிருந்து வேறுபட்ட மங்கலான ஒரு கூறு இருப்பதை இக்குழுவினர் சில ஆண்டுகளாகவே கவனித்து வந்தனர். அது மாசுகளால் ஏற்படும் ஒளிர்வாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது.

1928 பெப்ரவரியில் இவ்வாய்வு தீவிரமடைந்தது. சூரிய ஒளியைக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்தில் செலுத்தினர். சிதறிய ஒளியை, நீல ஊதாவைத் தடுக்கும் மற்றொரு வடிகட்டி வழியாகப் பார்த்தனர். நிறம் மாறவில்லை எனில் இரண்டாம் வடிகட்டியின் வழியே எதுவும் தெரியக்கூடாது. ஆயினும் ஒளித்தடம் தெரிந்தது. அவ்வொளி நன்கு முனைவுற்றிருந்ததைக் கிருஷ்ணன் பல திரவங்களிலும் சில ஆவிகளிலும் கண்டார். சாதாரண ஒளிர்வு அவ்வாறு முனைவுறுவதில்லை. எனவே இது புதிய விளைவு என்பது தெளிவாயிற்று. பெப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது, படும் ஒளியின் நிறமும் மாறிய நிறமும் தனித்தனியே தெரிந்தன.

இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் எழுதப்பட்ட முதல் அறிவிப்பு 1928 மார்ச் 31ஆம் நாளிட்ட நேச்சர் இதழில் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பில் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது பின்னர் பலராலும் விவாதிக்கப்பட்டது. ஆய்வுத்திட்டமும் பல ஆண்டுத் தேடலும் இராமனுடையவை என்பதிலும், தீர்மானமான சோதனைகள் பல கிருஷ்ணனின் கையால் நிகழ்ந்தவை என்பதிலும் ஐயமில்லை. ஆய்வு வழிகாட்டிக்கும் ஆய்வு மாணவருக்கும் இடையே கண்டுபிடிப்பின் பெருமையை எவ்வாறு பகிர்வது என்னும் வினாவிற்கு இந்நிகழ்வு இந்திய அறிவியல் வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. கிருஷ்ணன் இதுபற்றிப் பூசலில் இறங்காமல் புதிய துறை ஒன்றைத் தேர்ந்துகொண்டார்.

டாக்கா: படிகங்களின் காந்தப் பண்புகள்

1928ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகச் சேர்ந்தார். சத்தியேந்திரநாத் போசு அப்போது அங்கே பேராசிரியராக இருந்தார். இங்குதான் கிருஷ்ணன் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராயத் தொடங்கினார்.

படிகம் ஒன்றில் அணுக்களும் மூலக்கூறுகளும் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. எனவே அதன் பண்புகள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மரத்தைப் பிளக்கும்போது நாரின் போக்கில் எளிதாகவும் குறுக்கே கடினமாகவும் இருப்பதைப் போன்றதே இது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட படிகம் இத்திசை வேறுபாட்டின் காரணமாகக் குறிப்பிட்ட ஒரு நிலைக்குத் திரும்ப முயலும். திரும்பும் விசை மிகச் சிறியது. அதை அளப்பதே சிக்கல்.

இதற்குக் கிருஷ்ணனும் எஸ். பானர்ஜியும் வகுத்த முறை எளிமையானது. சிறிய படிகம் ஒன்று மிக மெல்லிய குவார்ட்சு இழையின் நுனியில் ஒட்டப்பட்டு, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடப்படும். இழையின் மேல்முனை மெல்ல மெல்லத் திருகப்படும். இழை முறுக்கேறும்; படிகமும் தன் நிலையிலிருந்து சிறிது சிறிதாக விலகும். விலகல் 45 பாகையை அடையும்போது காந்தப்புலம் தரும் எதிர்ப்பு உச்சத்தை எட்டுகிறது. அதற்கு மேலும் திருகினால் படிகம் திடீரென்று சுழன்றுவிடும். அவ்வாறு சுழலும் கணத்தில் மேல்முனை எத்தனை பாகை திருகப்பட்டிருந்தது என்பதும், இழையின் முறுக்கு மாறிலியும் தெரிந்தால், படிகத்தின் இரு திசைகளுக்கு இடையிலான காந்த ஏற்புத்திறன் வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். திண்ம விசையியலில் மாணவர்கள் பயிலும் முறுக்கம் என்னும் கருத்தே இங்கு அளவுகோலாகப் பயன்பட்டது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஆய்வுக்கூடத்திலிருந்து உலகத் தரமான முடிவுகள் வெளிவர இம்முறை வழிசெய்தது.

மூலக்கூறுகள் படிகத்தினுள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காந்த அளவீடுகளிலிருந்தே அறிய முடியும் என்பதையும் இவ்வாய்வுகள் காட்டின. இதன் தொடர்ச்சியாக, இலண்டனில் எக்சு-கதிர்ப் படிகவியலில் ஈடுபட்டிருந்த காத்லீன் லான்சுடேலுடன் இணைந்து 1936இல் ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்.

மீண்டும் கல்கத்தா

1933ஆம் ஆண்டில் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்றார். அவ்வாண்டில் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவியை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவராக நுழைந்த இடத்திலேயே, நிறுவனரின் பெயரால் அமைந்த பேராசிரியராக அமர்ந்தார்.

இக்காலத்தில் கிராஃபைட்டின் காந்தப் பண்புகள் ஆராயப்பட்டன. கிராஃபைட்டில் கரி அணுக்கள் தகடு தகடாக அடுக்கப்பட்டுள்ளன. தகட்டிற்குள் எலக்ட்ரான்கள் தடையின்றி இயங்குகின்றன. ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றிற்கு எளிதில் தாவுவதில்லை. தகடுகளுக்குச் செங்குத்தான திசையில் கிராஃபைட்டின் காந்த எதிர்ப்புத் தன்மை பல மடங்கு மிகுந்திருப்பதற்கு இவ்வெலக்ட்ரான்களே காரணம் என்பதைக் கிருஷ்ணனும் கங்கூலியும் விளக்கினர். 1937இல் ஐரோப்பா சென்ற கிருஷ்ணன், கேம்பிரிட்சு கேவண்டிசு ஆய்வகத்திலும் இலண்டன் ராயல் நிறுவனத்திலும் உரையாற்றினார். 1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அலகாபாத்: உலோகங்களின் மின்தடை

1942ஆம் ஆண்டில் கிருஷ்ணன் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். இங்கு இவரது கவனம் உலோகங்களின் பக்கம் திரும்பியது.

உலோகத்தினுள் எலக்ட்ரான்கள் அலைகளைப் போல் பரவுகின்றன. அணுக்கள் முற்றிலும் ஒழுங்காகவும் அசைவின்றியும் இருந்தால் அவ்வலைகள் தடையின்றிச் செல்லும். வெப்பத்தால் அணுக்கள் அதிர்வதாலும், உலோகம் உருகும்போது ஒழுங்கு குலைவதாலும் அலைகள் சிதறுகின்றன. அச்சிதறலே மின்தடையாக வெளிப்படுகிறது. எக்சு-கதிர்கள் ஒரு திரவத்தில் சிதறுவதையும் எலக்ட்ரான் அலைகள் உருகிய உலோகத்தில் சிதறுவதையும் ஒரே முறையில் நோக்கலாம் என்பது கிருஷ்ணனும் அவரது மாணவர் ஏ. பி. பாட்டியாவும் முன்வைத்த கருத்தாகும். 1945இல் உருகிய உலோகங்களின் மின்தடை குறித்தும், 1948இல் ஓரிணைதிறன் உலோகங்களின் மின்தடை குறித்தும் இருவரும் கட்டுரைகள் வெளியிட்டனர்.

இக்கருத்தில் உலோகத்தின் அமுங்கு தன்மைக்கும் இடமுண்டு. எளிதில் அமுங்கும் பொருளில் அடர்த்தி இடத்துக்கு இடம் மிகுதியாக ஏறி இறங்கும். எனவே அலைகளும் மிகுதியாகச் சிதறும். இவ்வாறு, பொருள் எவ்வளவு அமுங்கும் என்னும் விசையியல் பண்பும், அது எவ்வளவு மின்னோட்டத்தைத் தடுக்கும் என்னும் மின்பண்பும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. உருகிய உலோகங்களின் மின்தடை பற்றி 1960களில் ஜான் சைமன் வளர்த்த கோட்பாட்டிற்கு இவ்வாய்வு முன்னோடியாகக் கருதப்படுகிறது. பாட்டியா பின்னர் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் ஆர். என். சிங்குடன் எழுதிய, உருமாறும் ஊடகங்களின் விசையியல் பற்றிய நூல் 1986இல் வெளிவந்தது.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

1942ஆம் ஆண்டில் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் நிறுவப்பட்டது. சாந்தி சுவரூப் பட்நாகர் அதன் தலைமைப் பொறுப்பை வகித்தார். நாட்டின் பல பகுதிகளில் தேசிய ஆய்வகங்களை அமைப்பது மன்றத்தின் திட்டமாகும். புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற்கான அடிக்கல்லை ஜவகர்லால் நேரு 1947 ஜனவரி 4ஆம் நாள் நாட்டினார். அவ்வாண்டிலேயே கிருஷ்ணன் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1950 ஜனவரி 21ஆம் நாள் சர்தார் வல்லபாய் பட்டேல் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்.

இவ்வாய்வகத்தின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று அளவைத் தரங்களைப் பேணுவது. ஓர் ஊரில் வார்த்த திருகாணி வேறோர் ஊரில் கடைந்த மரைக்குப் பொருந்த வேண்டுமானால் இரண்டு ஊர்களின் அளவுகோல்களும் ஒன்றாக இருத்தல் வேண்டும். உலோகத் தொழில் முழுவதும் இவ்வொற்றுமையையே அடித்தளமாகக் கொண்டது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின் வழி இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியபோது இவ்வாய்வகத்தின் பொறுப்பு மேலும் பெருகியது. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 57ஆம் எண் பிளாட்டினம்–இரிடியம் கிலோகிராம் இங்குப் பாதுகாக்கப்படுகிறது. விசை, கடினத்தன்மை ஆகியவற்றிற்கான நாட்டின் தரங்களும் இங்கு உள்ளன.

நிருவாகப் பணிகளுக்கிடையிலும் கிருஷ்ணன் ஆய்வைக் கைவிடவில்லை. எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து, மிகுந்த வெப்பநிலையில் உலோகங்கள் எலக்ட்ரான்களை உமிழ்வதை ஆராய்ந்தார். உலோகப் பரப்பிலிருந்து நேராக உமிழ்வை அளந்தால், பரப்பில் படிந்துள்ள சிறு மாசும் முடிவைப் பாதிக்கும். எனவே உள்ளீடற்ற ஒரு குழிவைச் சூடாக்கி, அதனுள் நிறையும் எலக்ட்ரான் வளிமம் மிகச் சிறிய துளை வழியே கசிந்து வெளிவரும் வீதத்தை அளந்தனர். வெற்றிடத்தில் மின்னோட்டத்தால் பழுக்கக் காய்ச்சப்பட்ட மெல்லிய உலோகக் கம்பியின் நெடுகிலும் வெப்பநிலை எவ்வாறு பரவியிருக்கும் என்பதையும் இருவரும் கணித முறையில் ஆராய்ந்தனர். கம்பியின் நடுப்பகுதி கதிர்வீச்சினால் மட்டுமே வெப்பத்தை இழக்கிறது. முனைகளின் அருகில் கடத்தலும் சேர்ந்துகொள்கிறது. இக்கணக்கீடு உயர் வெப்பநிலையில் உலோகங்களின் வெப்பக் கடத்துத்திறனை அறியப் பயன்படுவது.

ஆய்வு மாணவர்களுக்கான வாய்ப்புகள்

கிருஷ்ணனின் தலைமுறையில் ஆய்வாளர் ஆக விரும்பியவருக்கு இருந்த வழிகள் இரண்டே: வெளிநாடு செல்வது, அல்லது கொடையால் நடக்கும் ஓரிரு நிறுவனங்களில் இடம் பெறுவது. கிருஷ்ணன் இரண்டாவது வழியில் வளர்ந்தவர். தேசிய ஆய்வகங்கள் தோன்றிய பின்னர் மூன்றாவது வழி பிறந்தது. தேசிய உலோகவியல் ஆய்வகம் 1950இல் ஜம்ஷெட்பூரில் திறக்கப்பட்டது. மதுரைக்கு அண்மையில், காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் கொண்டு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. உலோகங்களின் அரிமானத் தடுப்பும் மின்முலாம் பூசுதலும் அங்கு நடைபெறும் ஆய்வுகளுள் அடங்கும். தனியார் கொடையும் அரசின் நிதியும் இங்கே கைகோத்தன.

இன்று அறிவியல் மாணவர்கள் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம், பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவற்றின் கூட்டுத் தேசியத் தகுதித் தேர்வின் வாயிலாகவும், பொறியியல் மாணவர்கள் கேட் தேர்வின் வாயிலாகவும் இளநிலை ஆய்வு உதவித்தொகையைப் பெறலாம். இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் வரை உதவித்தொகை கிடைக்கும். மன்றத்தின் ஆய்வகங்களில் பணிபுரிவோர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அறிவியல் மற்றும் புத்தாக்க ஆய்வுக் கழகத்தின் வழி முனைவர் பட்டம் பெறவும் இயலும். இந்திய அணுசக்தித் துறை இளம் ஆய்வாளர்களுக்கு வழங்கும் ஆய்வு இணைநிலைத் திட்டம் ஒன்று கே. எஸ். கிருஷ்ணனின் பெயரையே தாங்கியுள்ளது.

பிற பொறுப்புகள்

1948ஆம் ஆண்டில் அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டபோது, ஓமி பாபா, பட்நாகர் ஆகியோருடன் கிருஷ்ணனும் அதன் உறுப்பினரானார். 1949இல் அலகாபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பன்னாட்டு அறிவியல் அமைப்புகளிலும் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார்.

விருதுகளும் சிறப்புகளும்

1940 – இலண்டன் ராயல் கழக உறுப்பினர்
1946 – பிரித்தானிய அரசின் சர் பட்டம்
1954 – பத்ம பூசண் விருது
1956 – ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக வெளிநாட்டு உறுப்பினர்
1958 – சாந்தி சுவரூப் பட்நாகர் விருது. இவ்விருதை முதன்முதலில் பெற்றவர் இவரே.

இவர் இந்திய அரசின் தேசியப் பேராசிரியராகவும் சிறப்பிக்கப்பட்டார்.

மறைவு

கிருஷ்ணன் 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் தில்லியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. ராயல் கழகத்திற்கான அவரது வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பைக் காத்லீன் லான்சுடேலும் ஓமி பாபாவும் எழுதினர். தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள சாலை இன்று அவரது பெயரால் வழங்கப்படுகிறது.